பிரேக்கம்மா விழுந்த வழக்கு

முதியோர் இல்லத்தின் மேல்மாடியில் அவளுக்குப் பிரேக்கம்மா என்றுதான் பெயர். வேலை பார்த்த காலம் முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு, "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திக் கத்தியே பாதி ஊரைச் சாலையில் இறக்கிவிட்டாள். மிச்சப் பாதி ஊர் உயிரோடு இருப்பதும் தன் கத்தலால்தான் என்பது அவள் கட்சி.

வாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிடிவாதமும் உண்டு. அதுதான் வழக்கில் அவளுக்கு எதிராக வந்து நின்றது.

நடந்தது இவ்வளவுதான். முழங்காலில் அறுவை செய்திருந்தார்கள். தனியாக எழுந்திருக்கக் கூடாது, கழிவறைக்குப் போக வேண்டுமானால் மணியை அழுத்த வேண்டும், பணிப்பெண் வந்து தாங்கிப் பிடிப்பாள் என்று ஏற்பாடு. ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அழுத்தினாள். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். கட்டிலின் கால்மாட்டில் கிடந்த வெயில் மெல்ல நகர்ந்து அலமாரிக் கதவில் ஏறும்வரை விரலை எடுக்காமல் அழுத்தினாள். அதற்கு மேல் உடம்பு பொறுக்காது. எழுந்தாள், இரண்டு எட்டு வைத்தாள், விழுந்தாள், இடுப்பு எலும்பு முறிந்தது. விழுந்தவளை யாராவது ஓடி வந்து தூக்கினார்களா என்றால் அதுவும் இல்லை. மதியச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன்தான் தரையில் ஆள் கிடப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

என்ன நடந்தது என்று கேட்டதற்கு இல்லத்தார் எழுத்தில் கொடுத்த பதில் சுருக்கமாக இருந்தது. மணி நன்றாக வேலை செய்கிறது. அடித்தால் உடனே ஆள் வரும். இந்த அம்மா அடிக்கவேயில்லை. சொல் கேட்காதவர். தன் பிடிவாதத்தால் விழுந்தார்.

வேறு எவன் நம்பினாலும் அவளுக்குக் கவலை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கூடப்பிறந்த தம்பியும் அதையே சொன்னான்.

"அக்கா, கோவிச்சுக்காத. நீ மணி அடிச்சிருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன? சின்ன வயசுல காய்ச்சல்ல கிடந்தப்பகூட நீயே எழுந்து போய்த்தான் தண்ணி குடிப்ப."

இடுப்பில் இறக்கிய கம்பி அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

"ஓஹோ. அப்படியா?" என்றாள். "ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வா."

"எதுக்கு?"

"நான் அடிச்சேன்னு கோர்ட்டு சொல்லணும். சொன்னா நீ நம்புவியா, மாட்டியா?"

தம்பி பாதி உரித்த ஆரஞ்சோடு முழித்தான். அக்கா ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி என்று அவனுக்குத் தெரியும். அக்கா மணி அடித்திருக்க மாட்டாள் என்று அவன் சொன்னதற்குக் காரணமும் அதே பிடிதான். பாவம், அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வந்த வக்கீல் சின்னப் பெண். வாகன விபத்து வழக்குகளாகவே பார்த்துப் பழகியவள். எப்போதும் பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கும். ஒன்றைக் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

"வண்டி மோதுனா இடிச்சவனைக் காட்டிடலாம்மா. இங்க வராதவங்களை இல்ல குத்தம் சொல்றோம்? வராம இருந்ததுக்கு நான் எங்க போய்ச் சாட்சி பிடிக்கிறது?"

"என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி இருக்கா. அவளுக்கு எல்லாம் தெரியும்."

"நல்லாப் பேசுவாங்களா?"

"பேசுறதை நிறுத்தத்தான் தெரியாது."

அந்தப் பக்கத்துக் கட்டில்காரிக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததே பிரேக்கம்மாதான். முதுகெலும்பு தேய்ந்து, சாய்வு நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே வாழ்கிற பெண்மணி. உடம்பில் வாய் மட்டும் முழு நேர ஊழியம் செய்தது. அன்றைக்கு மணிச்சத்தத்தை முழுக்கக் கேட்டவள் அவள் ஒருத்திதான், விழுந்த பிறகு இருவரும் போட்ட கூச்சல் கீழே துணி துவைக்கும் இடம்வரை எட்டவில்லை. ஆனால் வண்டியில் ஏற்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் வழியிலேயே முதுகு இரண்டாகிவிடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வக்கீல் மனுப் போட்டாள். சாட்சி வர முடியாது என்றால் நீதிமன்றம் சாட்சியிடம் வரட்டும் என்று கேட்டாள். நீதிபதியும் ஒரு காலை நேரத்தில் இல்லத்துக்கே வந்து விசாரிப்பதாக ஒப்புக்கொண்டார். வழக்கு முடியும்வரை பிரேக்கம்மாவை வெளியே அனுப்பக் கூடாது என்று ஓர் உத்தரவை வக்கீல் முன்பே வாங்கி வைத்திருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அதே கட்டிலுக்குத்தான் திரும்பி வந்தாள். எதிரியின் வீட்டிலேயே மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு வழக்கு நடத்துவதில் தனி ருசி இருப்பதாக ரேடியோவிடம் சொன்னாள்.

நீதிபதி வரப்போகிறார் என்றதும் இல்லத்துக்குக் கல்யாணக்களை வந்துவிட்டது. சுவருக்கு வெள்ளை பூசினார்கள். மாடிப்படி ஓரத்தில் பிளாஸ்டிக் பூ வைத்தார்கள். பணிப்பெண்களுக்குப் புது உடுப்பு வந்தது. மாடி முழுமைக்கும் இரண்டே பணிப்பெண்கள்தான், பெரியவள், சின்னவள் என்று. துணி துவைப்பதும் அவர்கள் பாடு, தரை துடைப்பதும் அவர்கள் பாடு. இரண்டு பேருக்கும் புது உடுப்பு ஓரளவு பெரிதாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலாளரம்மா ஒவ்வொரு கட்டிலுக்கும் புது மணி வாங்கிப் போட்டார். பழைய மணி ஈனமாக முனகும். இது அப்படி இல்லை. அழுத்தினால் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், "டிங் டாங், டிங் டாங்" என்று மாடி அதிரும். ஆள் வந்து அணைக்கும்வரை ஓயாது. மின்வேலைக்காரர் சோதித்துப் பார்த்தபோது தெருவில் போன நாய் நின்று பார்த்தது.

முதல் நாள் பணிப்பெண்கள் இருவரும் துள்ளிக் குதித்து ஓடினார்கள். மறுநாள் நடந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் டிங் டாங்கும் காக்கை கரைவதும் ஒன்றாகிவிட்டன. மாடியில் இருந்தவர்களும் அடித்துப் பயனில்லை என்கிற பழைய புத்திக்கே திரும்பி, மணியைத் தொடுவதை விட்டுவிட்டார்கள்.

புது மணியைப் பார்த்து வக்கீலுக்குத்தான் பிஸ்கட் தொண்டையில் அடைத்தது. "போச்சும்மா. நீதிபதி வந்து இதைப் பார்ப்பாரு. இவ்ளோ பெரிய சத்தத்தை வச்சுக்கிட்டு எவன் வராம இருப்பான்னு நினைப்பாரு. பழசைக் கழட்டி எங்க போட்டாங்கன்னுகூடத் தெரியல."

தம்பியும் வந்து உட்கார்ந்தான். "அக்கா, அவங்க ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்திடுறோம்னு சொல்றாங்க. வாங்கிக்கிட்டுச் சமாதானமாப் போயிடலாம். என் வீட்டுக்கு வந்துடு."

"அவங்க தப்புன்னு ஒத்துக்கிறாங்களா?"

"அது மட்டும் எழுத மாட்டாங்களாம்."

"அப்ப நான் பொய்க்காரியாவே உன் வீட்டுக்கு வரணும். நல்லா இருக்குடா உன் சமாதானம்."

அவன் கொண்டுவந்த ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினான்.

அந்தக் காலையும் வந்தது. நீதிபதி ஒல்லியான மனிதர், மாடியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. பின்னால் தட்டச்சுக் கருவியைச் சுமந்துகொண்டு ஓர் எழுத்தர். அவருக்குப் பின்னால் இல்லத்தின் வக்கீல். அவரைப் பார்த்ததும் பிரேக்கம்மா முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, நீயா! ரிவர்ஸ் எடுக்கறப்ப இன்னும் வாயைத் திறந்துக்கிட்டுத்தான் எடுக்குறியா?"

எதிர்த்தரப்பு வக்கீல் சிவந்துபோனார். நீதிபதி திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"எனக்கு... வண்டி கத்துக்கொடுத்தாங்க, ஐயா," என்று வக்கீல் மென்று விழுங்கினார்.

"ஒரு சுவரு, ரெண்டு குப்பைத்தொட்டி," என்று பிரேக்கம்மா எண்ணிச் சொன்னாள். அவளுடைய வக்கீல் அவள் தோளில் கை வைத்து அழுத்தியதும் நிறுத்திக்கொண்டாள்.

அறையில் நாற்காலிகள் போடப்பட்டன. தம்பி சன்னல் ஓரமாக நின்றான். பணிப்பெண்கள் இருவரையும் மேலாளரம்மா கதவுக்கு வெளியே, சுவரோரம், பார்வைக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தியிருந்தார். முதலில் ரேடியோவை விசாரித்தார்கள். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள், நடுவில் தன் மருமகனைப் பற்றியும் கொஞ்சம் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

"தெரியாது."

"தேதி?"

"அதுவும் தெரியாது."

"கிழமையே தெரியாத நீங்க, அன்னைக்கு மணி அடிச்சதை மட்டும் எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"கிழமை என் காதுக்குள்ள கத்தலையே, தம்பி."

நீதிபதி மீசைக்குள் சிரித்தார். ஆனாலும் எழுத்தர் 'தேதி தெரியாது' என்று தட்டிய சத்தம் பிரேக்கம்மாவுக்கு நன்றாகவே கேட்டது. தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேடியோவின் சாட்சியமும் அவனை அசைக்கவில்லை.

அடுத்து மேலாளரம்மாவின் முறை. அவர் நின்றுகொண்டே பேசினார். பேச்சு பழகிய பேச்சு. இல்லத்தின் நோக்கம், பெரியவர்கள் மேல் இல்லத்தாருக்கு உள்ள பாசம், குடும்பம் என்கிற உணர்வு.

அப்போதுதான் ரேடியோ நெளிய ஆரம்பித்தாள். சாட்சி சொல்ல வேண்டுமே என்று தொண்டை காயாமல் இருக்கக் காலையிலிருந்து தண்ணீராகக் குடித்திருந்தாள். நீதிபதியின் முன்னால் எப்படிச் சொல்வது? அவள் ஒழுங்கான பெண்மணி, சொல்லியிருந்தபடியே செய்தாள். கட்டில் ஓரத்தில் இருந்த புது மணியை அழுத்தினாள்.

டிங் டாங். டிங் டாங். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"மணின்னு ஒண்ணு அடிச்சாப் போதும், ஐயா," என்று மேலாளரம்மா சொல்லிக்கொண்டிருந்தார், "அடுத்த நிமிஷம் எங்க ஆளு பக்கத்துல நிப்பாங்க."

டிங் டாங். டிங் டாங்.

நீதிபதி விளக்கைப் பார்த்தார். வெளியே நின்ற பணிப்பெண்களைப் பார்த்தார். சின்னவள் தன் புது உடுப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பொறுப்பாக நேரே பார்த்தபடி நின்றாள். ஒருத்தியும் அசையவில்லை.

பிரேக்கம்மாவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஏன்டி, காது கேக்கலையா என்று ஒரு கத்துக் கத்தினால் முடிந்தது. ஆனால் கத்தினால் அவர்கள் ஓடி வந்துவிடுவார்கள். வந்துவிட்டால் கண்முன்னே நடப்பது நின்றுவிடும். அவள் ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோவும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னாள்:

"நான் அடக்கிக்கிறேன். நீ வாயை அடக்கு."

ஊரையே கத்தி நிறுத்தியவள் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிர் அறையில் ஒரு கிழவர் இருந்தார். ரொம்ப நாளாகத் தூங்கி வழிந்துகொண்டிருந்த மனிதர், மணிச்சத்தம் கேட்டு விழித்துக்கொண்டார். ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் அழுத்தினார். அதற்கடுத்த அறையிலும் அடித்தது. அடுத்ததிலும். நீதிபதி வந்திருக்கிறார், கேட்க ஆள் இருக்கிறது என்கிற சேதி எப்படியோ மாடி முழுக்கப் பரவியிருந்தது. மாடியே கச்சேரிபோல் ஆனது. கதவுக்குக் கதவு சிவப்பு விளக்கு எரிந்தது.

மேலாளரம்மா பேச்சை நிறுத்தவில்லை. சத்தம் கூடக் கூடத் தன் குரலையும் கூட்டினார். "இந்த மாடியில, ஐயா, ஒரு குரலுக்குப் பதில் வராமப் போனதே கிடையாது!" என்று கிட்டத்தட்ட அலறினார். தான் ஏன் அலறுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மணியை மாற்றியவர்கள் காதை மாற்ற மறந்துவிட்டார்கள்.

இல்லத்தார் பக்கத்தில் மணி காதில் விழுந்தது ஒரே ஆளுக்குத்தான். எதிர்த்தரப்பு வக்கீல் வெளியாள், பழகாத காது. அவர் இருமினார். கண்ணைக் காட்டினார். மேலாளரம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகப் பேசினார். வக்கீலின் வாய் மெல்லத் திறந்துகொண்டது. பிரேக்கம்மாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். சுவர் பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைக்கிற முகம். அன்றைக்கெல்லாம் கடைசி நொடியில் அவள் மிதித்துக் காப்பாற்றுவாள். இப்போது அவள் காலடியில் பிரேக் இல்லை. இருந்திருந்தாலும் மிதிக்கிற எண்ணம் இல்லை.

நீதிபதி கையை உயர்த்தினார். மேலாளரம்மா நின்றார்.

"நீங்க வாங்க," என்று நீதிபதி பெரியவளைக் கூப்பிட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் பாய்ந்து எழுந்தார். "ஐயா, விசாரணை நடக்கும்போது அசையக் கூடாதுன்னு அவங்களுக்குச் சொல்லியிருக்கு. அதான் நிக்கிறாங்க. ஒழுக்கம், ஐயா."

நியாயமான பதில்தான். பிரேக்கம்மா தன் வக்கீலைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்தது வீண்தானா?

நீதிபதி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பெரியவளிடம் சாதாரணமாக, டீ குடிக்கிறீர்களா என்று கேட்பதுபோல் கேட்டார்:

"அந்தச் சத்தம் கேட்டும் நீங்க போகாம நிக்கிறதுக்கு, உங்கள அசையக் கூடாதுன்னு சொன்னதுதான் காரணமா?"

பெரியவள் உண்மையாகவே குழம்பிப்போனாள். நீதிபதியைப் பார்த்தாள், மேலாளரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"எந்தச் சத்தம், சார்?"

மாடி முழுக்க டிங் டாங் அடித்துக்கொண்டிருந்தது.

"எழுதிக்குங்க," என்றார் நீதிபதி எழுத்தரிடம். "எந்தச் சத்தம் என்று கேட்கிறார்."

அப்புறம்தான் பெரியவளுக்கு உறைத்தது. சிவப்பு விளக்கைப் பார்த்தாள், முகம் வெளுத்தது. ஆனால் ஓடவில்லை, ஒளிக்கவும் இல்லை. மடமடவென்று சொல்லிவிட்டாள்.

"ரெண்டே பேரு, சார். எல்லா மணிக்கும் ஓடினாத் துணி யாரு துவைக்கிறது, ஊட்டி விடுறது யாரு? எத்தனையோ தடவை கேட்டாச்சு, இன்னும் ஆளு போடுங்கன்னு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் தூக்கத்துலகூட மணி கேக்கும், சார். அப்புறம் முழிச்சிருந்தாலும் கேக்காது."

"அந்த அம்மா விழுந்த அன்னைக்கும்?"

"அடிச்சிருப்பாங்க, சார். சும்மா இருக்குற ஆளா அவங்க? எங்களுக்குத்தான் கேட்டிருக்காது."

எழுத்தர் தட்டிக்கொண்டே இருந்தார். மேலாளரம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பெரியவள் மேல் பிரேக்கம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாடிக்கு இரண்டு பேரைப் போட்டு, மூன்றாவது ஆளின் சம்பளத்தில் வெள்ளை பூசுகிறவர்கள் மேல்தான் வந்தது. அந்தக் கோபத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தாள், ஏனென்றால் ரேடியோவின் முகம் இப்போது ஊதா நிறத்துக்கு வந்திருந்தது.

"ஐயா," என்றாள் ரேடியோ, "நீதி கொஞ்சம் காத்திருக்கும். இது காத்திருக்காது."

நீதிபதி படக்கென்று எழுந்தார். பெரியவள் ஓடி வந்து தூக்க, சக்கர நாற்காலியை நீதிபதியே தள்ளினார். எதிர்த்தரப்பு வக்கீல் கழிவறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மனிதர் அன்று செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். உள்ளே போனதும் ரேடியோ விட்ட பெருமூச்சு மாடி முழுக்கக் கேட்டது. முதலில் சிரித்தது எழுத்தர். அப்புறம் நீதிபதி. அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாது. சின்னவள் ஒவ்வோர் அறையாக ஓடி மணியை அணைத்துக்கொண்டே சிரித்தாள். எதிர் அறைக் கிழவர் மட்டும் மறுபடி மறுபடி அழுத்தி, அவளை வரவழைத்து வரவழைத்து மகிழ்ந்துகொண்டிருந்தார்.

பிரேக்கம்மா சிரிக்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவன் சன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்ல," என்றான். "அடிச்சிருக்க, அக்கா. நீ அடிச்சிருக்க."

"தீர்ப்பு வரட்டும்."

தீர்ப்பும் வந்தது. அன்று அவள் சக்கர நாற்காலியில் நீதிமன்றத்துக்குப் போனாள். விழுந்தது அவள் பிடிவாதத்தால் அல்ல, கூப்பிட்டும் ஆள் வராததால். அப்படி வராமல் போனது இரண்டு பணிப்பெண்களின் குற்றமும் அல்ல, போதுமான ஆள் வைக்காமல் இல்லம் நடத்தியவர்களின் குற்றம். அவளுக்கு உரிய நட்டஈட்டை அவர்கள்தான் கொடுக்க வேண்டும். மாடிக்கு இத்தனை பேருக்கு இத்தனை ஆள் என்று வைத்தாக வேண்டும், வைத்திருக்கிறார்களா என்று நீதிமன்றம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கும். நீதிபதி படித்து முடித்ததும் வக்கீல் பெண் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எதிர்த்தரப்பு வக்கீலிடமே நீட்டிவிட்டாள், அவ்வளவு சந்தோஷம். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லும்மா," என்றாள் பிரேக்கம்மா.

"எந்த வரி?"

"பிடிவாதத்தால் அல்லங்கிற வரி. இவன் சரியாக் கேட்டிருக்க மாட்டான்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றான் தம்பி.

வெளியே வந்து அவளை அணைத்துத் தூக்கிக் காரில் உட்கார வைத்தான். சக்கர நாற்காலியை மடிக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் அதனோடு மல்லுக்கட்டினான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.

"அக்கா, அதான் ஜெயிச்சாச்சே. சாமான் எல்லாம் நாளைக்கு எடுத்துக்கலாம். நேரா நம்ம வீட்டுக்குப் போயிடலாம். கீழ் அறையைக் காலி பண்ணி வச்சிருக்கேன். உன் கட்டிலுக்கு மெத்தைகூட வாங்கிட்டேன்."

"எதுக்கு? நீதிபதி வந்துட்டுப் போன பயத்துல புதுசா நாலு பணிப்பெண்ணு போட்டிருக்காங்க. வென்னீரு கேட்டா வென்னீரு வருது. ரேடியோ தனியா யாரோட பேசுவா? ரத்தம் சிந்திப் பிடிச்ச கோட்டையை விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன்."

"அப்ப என் வீடு அவ்ளோ மோசமா? நானும் என் பெண்டாட்டியும் உன்னைக் கவனிச்சுக்க மாட்டோமா?"

"கவனிச்சுக்குவீங்கடா. யாரு இல்லேன்னது?" அவள் இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டாள். அவன் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "ஆனா உன் வீட்டுல விழுந்தா நான் யாரு மேலடா கேஸு போடுறது?"